மகள் மங்கலாக விழுந்த நான்கு வருடங்கள்

என் மூன்று பிள்ளைகளும் வாசிப்பதற்காக இதை எழுதுகிறேன். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப் பிழை இருந்தால் மகள் திருத்தட்டும், மகன்மார் சிரிக்கட்டும்.

இப்போது கல்முனை வீட்டில் நான் ஒருவன்தான். பெரியவன் கட்டாரில். மகள் கண்டிப் பக்கத்துக் கம்பஸில். சின்னவன் இறக்காமத்தில் மதரஸாவில் தங்கி ஓதுகிறான். உங்கள் உம்மா இரண்டாம் தடவையாகக் குவைத்துக்குப் போய்ப் பதினொரு மாதம். கால் சுண்டு அரிசி போட்டாலும் எனக்கு மிஞ்சிவிடுகிறது. மிஞ்சியதைக் காகத்துக்கு வைக்கிறேன். காகம் நேரம் தவறுவதில்லை; அதனால் இப்போது அதற்கும் சேர்த்தே அரிசி போடுகிறேன்.

நான் சொல்ல வந்தது அந்த லென்ஸைப் பற்றி.

போட்டோக் கொப்பிக் கடை போடுவதற்கு முன் நான் ஒரு ஸ்டூடியோவில் வேலை செய்தது உங்களுக்குத் தெரியும். அதன் முதலாளி ஒரு கத்தோலிக்கர், பெரிய மனிதர். அவர் மகளோடு இருக்கக் கனடாவுக்குப் போகும்போது அலுமாரியில் கிடந்த பிலிம் கெமரா ஒன்றையும் ஜப்பான் லென்ஸ் ஒன்றையும் என் கையில் தந்தார். "தம்பி, இது இருட்டிலயும் பாக்கும். ஆனா ஒரு சொட்டு இடத்தைத்தான் பாக்கும்" என்றார். அப்போது நான் முதல் பாதியை மட்டும்தான் காதில் வாங்கினேன்.

கையில் எடுத்தால் அம்மிக் குழவி மாதிரி ஒரு கனம். முன் கண்ணாடி தேத்தண்ணிக் கோப்பையின் வாய் அளவு. ஓரத்தில் 1.1 என்று செதுக்கியிருக்கும். அந்த இலக்கம் சிறிதாக இருக்க இருக்க லென்ஸ் அதிகமாக வெளிச்சத்தை உள்ளே எடுக்கும். சாதாரண லென்ஸ் இரண்டோடு நின்றுவிடும். இப்படி ஒன்றைச் செய்ததே கொஞ்சம்தான் என்று கொழும்பில் ஒருவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார். அன்றிலிருந்து எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. கல்முனையில், ஏன் கிழக்கு மாகாணத்திலேயே, இது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

இந்தக் கெமராவில் லென்ஸின் ஊடாகப் பார்க்க முடியாது. மேலே வேறொரு சின்னக் கண்ணாடி இருக்கும். அதன் நடுவில் மங்கலான மஞ்சள் கட்டம் ஒன்று. அந்தக் கட்டத்துக்குள் ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி வந்து ஒன்றின் மேல் ஒன்று உட்காரும். உட்கார்ந்தால் அந்த இடம் தெளிவு. லென்ஸை முழுக்கத் திறந்து கிட்ட நின்று எடுத்தால் அந்தத் தெளிவு மூன்று விரல் அகலம்தான். அதற்கு முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் கரைந்து போய்விடும்.

உம்மா முதல் தடவை குவைத்துக்குப் போனபோது பெரியவனுக்குப் பன்னிரண்டு வயது, மகளுக்கு ஒன்பது, சின்னவனுக்கு ஐந்து. போனது மகளுக்கு வீடு கட்டத்தான். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்தாக வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வருவார். உம்மா வேலை செய்த வீட்டில் கைபேசி வைத்திருக்க விடவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அந்த வீட்டுப் போனில் பத்து நிமிடம் கதைக்கலாம், அவ்வளவுதான். முகம் பார்க்க வழியில்லை. அதனால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நான் படம் எடுத்து, கழுவி, லீவு முடிந்து திரும்பிப் போகிற எங்கள் ஊர்ப் பெண்கள் யாரிடமாவது கொடுத்து அனுப்புவேன்.

எடுப்பது எப்போதும் பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்குப் பிறகு, நீங்கள் மூவரும் ஓதுகிற நேரத்தில். கடையைப் பூட்டிவிட்டு நான் வந்து சேர்வது அப்போதுதான். பாதி கட்டிய கூடம், பூசாத கல், வயரில் தொங்குகிற ஒரே ஒரு பல்ப். அந்த வெளிச்சத்தில் வேறு எந்தக் கெமராவும் கண்ணை மூடிக்கொள்ளும். என் லென்ஸ் மட்டும் பார்க்கும். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. கடை பூட்டுகிற வெள்ளிக்கிழமை காலையில் முற்றத்தில் மூவரையும் நிறுத்தி, லென்ஸின் வாயைச் சுருக்கி எட்டில் வைத்து எடுத்திருந்தால் மூன்று முகமும், பின்னால் நிற்கிற முருங்கை இலையும் தெளிவாக விழுந்திருக்கும். அப்படி யாரும் எடுப்பார்கள் என்று நினைத்தேன். இப்படி ஒரு லென்ஸை வைத்துக்கொண்டு அதைச் சுருக்கிப் பாவிப்பது எனக்குக் கௌரவக் குறைவாக இருந்தது. என் பிள்ளைகளே, இதை எழுதுவதற்கு எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

மங்கல் வெளிச்சத்தில் அந்த மஞ்சள் கட்டத்துக்குள் எதையும் பொருத்துவது லேசில்லை. கண்ணுக்குப் பிடிப்பாக ஒரு கோடு வேண்டும். மகன்மார் இருவர் தலையிலும் வெள்ளைத் தொப்பி. நெற்றிக்கு மேலே கத்தியால் வெட்டினது போல ஒரு கோடு. கட்டத்தை அங்கே கொண்டுபோய் வைத்தால் உடனே பொருந்தும். மகள் போட்டிருந்தது உம்மா விட்டுப்போன கடும் நீலத் துப்பட்டி. உம்மாவின் வாசம் போய்விடும் என்று அதைக் கழுவவும் விடமாட்டாள். அந்த நீலத்தில் பிடிக்க ஒரு கோடும் இல்லை. அத்தோடு அவள் தம்பிக்கும், காக்கா என்று அவள் கூப்பிடுகிற பெரியவனுக்கும் ஒரு முழம் பின்னால், குசினிக் கதவோரமாக இருப்பாள்.

நான்கு வருடமும் அப்படித்தான். ஒரு படத்தில் பெரியவன் தெளிவு, ஒரு படத்தில் சின்னவன், சிலதில் இரண்டு பேரும். பின்னால் இருப்பவை எல்லாம் பால் மாதிரி உருகிக் கிடக்கும். பாத்ரூம் ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடி, தண்ணீரில் மிதக்கிற படத்தைப் பார்த்து, 'என்ன அழகாகப் பின்னணி கரைந்திருக்கிறது' என்று தனியாகச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். நான் பின்னணி என்று நினைத்தது என் மகள்.

உம்மா கேட்காமல் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை போனில் கேட்டாள்.

"இஞ்சாருங்க, படம் கிடைச்சிச்சி. மகள்ட முகம் ஏன் தெளிவா இல்ல?"

"அது லென்ஸ்ட வேலை. ஒனக்குச் சொன்னா வெளங்காது."

"லென்ஸ்ட வேலையா? அப்ப அந்த லென்ஸுக்குச் சொல்லுங்க, குவைத்தில இரிக்கிற ஒருத்திக்கு ஒரு மகளும் இரிக்கா எண்டு."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். அடுத்த தடவையும் தொப்பியில்தான் வைத்து எடுத்தேன்.

உம்மா திரும்பி வந்த அன்று வான் பிடித்துக்கொண்டு கட்டுநாயக்க எயார்போர்ட்டுக்குப் போனோம். என் தங்கையும் அவள் மகளும் வந்தார்கள். அந்தப் பிள்ளைக்கும் எங்கள் மகளுக்கும் ஒரே வயது, பதின்மூன்று. இருவரும் ஒரே மாதிரிக் கறுப்பு அபாயா போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். உம்மா பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். சின்னவனைத் தூக்கினாள். பெரியவனைக் கட்டிக்கொண்டாள். பிறகு அந்த இரண்டு பெண்பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். அவள் கண் ஒரு முகத்திலிருந்து மற்ற முகத்துக்குப் போய், திரும்பி வந்தது. ஒரு மூச்சு எடுக்கிற நேரம்தான். அதற்குப் பிறகு சரியான ஆளைத்தான் கட்டிப்பிடித்து அழுதாள். வேறு யாரும் அந்த மூச்சைக் கவனித்திருக்க மாட்டார்கள். நான் கவனித்தேன். மகள் கவனித்தாள் என்பது, ஊர் வந்து சேரும் வரைக்கும் வானின் கடைசி சீட்டில் அவள் ஜன்னல் பக்கமே திரும்பி இருந்ததில் தெரிந்தது.

அதைப் பற்றி உம்மாவும் நானும் மகளும் ஒரு நாளும் கதைத்ததில்லை. வீடு முடிந்தது, டைல்ஸும் உள் சீலிங்கும் மட்டும் மிச்சம். அதற்காக உம்மா போன வருடம் மறுபடி போனாள்.

போன மாதம் மகள் கம்பஸ் லீவில் ஐந்து நாள் வந்து நின்றாள். தொழுகிற வீடு என்று நாங்கள் சுவரில் படம் தொங்கவிடுவதில்லை. எல்லாம் ஒரு பிஸ்கட் தகரப் பேணிக்குள்தான் கிடக்கும். ஒரு பின்னேரம் நான் கடையால் வரும்போது அவள் கூடத்தில் பாய் விரித்து அதையெல்லாம் பரப்பி வைத்திருந்தாள்.

"வாப்பா, நான் எல்லாப் படத்திலயும் பேய் மாதிரி இரிக்கன்."

"சும்மா சொல்லாத."

"சும்மா இல்ல, எண்ணிப் பாத்தன். தம்பிட தொப்பியில தைச்ச பூ கூடத் தெரியிது. எண்ட மூக்கு எங்க இரிக்கெண்டு தேட வேண்டிக் கிடக்கு."

"நீ பின்னுக்கு இருந்தாய் மகள். அந்த லென்ஸ் அப்படித்தான்."

"ஏன் பின்னுக்கு இருந்தன்? அடுப்பில சோறு. அடிப்பிடிச்சா ஆரு பாக்கிற? காக்காவா?"

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு படங்களை அடுக்கிக்கொண்டே, முகத்தை நிமிர்த்தாமல், "உம்மா அண்டைக்கு எயார்போர்ட்டில என்னைத் தேடினா, என்ன வாப்பா?" என்றாள்.

எழுந்து போய்க் கெமராவை எடுத்து வந்தேன். அதில் ஒரு ரோல் பாதியில் கிடந்தது.

"முற்றத்துக்கு வா மகள். இன்னும் வெளிச்சம் இரிக்கி. எட்டில வைச்சு எடுக்கன், எல்லாம் தெளிவா விழும்."

"வேணா. அப்படி ஆராலயும் எடுக்கலாம். இஞ்சயே எடுங்க. முழுக்கத் திறந்து எடுங்க. என்னில வைச்சு எடுங்க. மத்ததெல்லாம் மங்கிப் போகட்டும்."

அதே கூடத்தில், அதே கதவோரத்தில் இருந்தாள். இப்போதும் தலையில் கடும் நிறத் துணிதான், கறுப்பு. நான் ஒரு மீற்றர் தூரத்தில் முழங்காலில் நின்றேன். மஞ்சள் கட்டத்தை நெற்றியில் வைத்தேன், பிடிக்கவில்லை. கன்னத்தில் வைத்தேன், பிடிக்கவில்லை. கடைசியில் வெள்ளை விழியும் கறுப்பு விழியும் சந்திக்கிற இடத்தில் ஒரு கோடு கிடைத்தது. அவள் மூச்சு விட்டால் அதுவும் விலகும். திருப்புவேன், விலகும், மறுபடி திருப்புவேன்.

"முடிஞ்சா?"

"இன்னும் இல்ல."

"நீங்க படம் எடுக்கிறீங்களா, கண் டொக்டரா?"

"கதைக்காத புள்ள. கதைச்சா ஆடுது."

இடது புருவத்தின் ஓரத்தில் ஒரு சின்ன மச்சம் இருக்கிறது என்பதை அன்றுதான் கண்டேன். அவளுக்கு இருபது வயது. அது நேற்று முளைத்தது இல்லை. ஐந்து படம் எடுக்க அரை மணி நேரம் போயிருக்கும். அவ்வளவு நேரம் அவள் முகத்தை நான் அதற்கு முன் பார்த்தது எப்போது என்று யோசித்தேன். அவள் பிறந்த அன்று என்றுதான் வந்தது.

அடுத்த நாள் அவள் பஸ் ஏறிவிட்டாள். வீடு மறுபடி பழையபடி ஆனது. ரோலை நானே கழுவினேன். ஐந்தில் ஒன்று சரியாக விழுந்திருந்தது. அந்த ஒரு கண்ணும் இமை மயிரும் மச்சமும் அத்தனை தெளிவு. கதவும் சுவரும் எங்கே என்று இல்லை. அதைப் போனில் பிடித்து அவளுக்கும் உம்மாவுக்கும் அனுப்பினேன். உம்மா உடனே அழுத குரலில் எதையோ பதிந்து அனுப்பினாள். மகள் பின்னேரமாகத்தான் எழுதினாள். "நல்லா இரிக்கி வாப்பா. ஆனா இது இப்ப உள்ள நான்தானே."

உண்மைதான். ஒன்பதிலிருந்து பதின்மூன்று வரைக்கும் உள்ளவளை இனி எந்த லென்ஸாலும் எடுக்க முடியாது. படம் இல்லாவிட்டால் எனக்கு ஞாபகத்தில் இருப்பதையாவது எழுதிக் கொடுப்போம் என்று ஒரு கொப்பி வாங்கினேன். மூன்று நாள் கடையில் சும்மா இருக்கிற நேரமெல்லாம் யோசித்தேன். ஆங்கிலப் பாடத்துக்குப் பரிசு வாங்கினது வந்தது. மழைக்கு ஒரு ஆட்டுக்குட்டியைக் கூடத்துக்குள் கொண்டு வந்து கட்டினது வந்தது. கிணற்றடியில் வழுக்கி விழுந்து முன் பல் உடைந்தது வந்தது. அதற்கு மேல் வரவில்லை. நான்கு வருடத்துக்கு மூன்று.

நேற்று அசர் தொழுகைக்குப் பிறகு அவளுக்குப் போன் எடுத்து அந்த மூன்றையும் வாசித்துக் காட்டினேன்.

"வாப்பா, பல் உடைஞ்சது நானில்ல. அது தம்பி."

"இல்ல மகள், கிணத்தடியில…"

"ஓம், கிணத்தடியிலதான். தம்பிதான். நான் அவனைத் தூக்கிட்டுப் போய் வாய் கழுவி விட்டன். நீங்க வரக்குள்ள அவன் நித்திரை."

நான் கொப்பியில் அந்த வரியை வெட்டினேன். வெட்டுகிற சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"அப்ப நீ சொல்லு," என்றேன். "எனக்குத் தெரியாததைச் சொல்லு. நான் எழுதுறன்."

கொப்பியைப் புதுப் பக்கத்துக்குத் திருப்பினேன்.

"பத்து வயசில மீன் வெட்டப் பழகினன்," என்றாள். "கீரி மீன். பக்கத்து வீட்டு மாமி வெட்டுறத வேலிக்கு மேலால பாத்துப் பாத்து. முதல் நாள் விரலையும் சேத்து வெட்டிட்டன். துணி சுத்திக்கிட்டு ஓத இருந்தன். நீங்க அண்டைக்கும் படம் எடுத்தீங்க."

"எந்த விரல்?"

"இடது கை, ஆள்காட்டி. எழுதிட்டீங்களா?"

"ஓம் மகள். மெல்லச் சொல்லு, எண்ட கை அவ்வளவு வேகம் இல்ல."