டிக்கியில் பத்திரமாக வந்த சீட்

திண்டிவனத்தில் என் தங்கைக்கு வளைகாப்பு. விழுப்புரத்திலிருந்து எங்கள் காரில் கிளம்பும்போது நாத்தனாரும் அவருடைய இரண்டு மகள்களும் சேர்ந்துகொண்டார்கள். பின்னால் என் இரண்டு வயது மகளின் குழந்தை சீட் இருந்தது.

"இன்னாம்மா, ஒரு ஆளு இடத்த இதுவே புடிச்சிக்கினு இருக்குதே! கழட்டி டிக்கில போடு. புள்ளய நான் மடியில வச்சிக்கினு வர்றேன்" என்றார் நாத்தனார்.

முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானே கழற்றினேன்.

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று சட்டென்று குறுக்கே திரும்பியது. கணவர் பிரேக் அடித்தார். பின்னால் நாத்தனார் மடியிலிருந்த என் மகள் முன்னாலிருந்த என் சீட்டில் வந்து மோதினாள். அந்த அடியை என் முதுகில் உணர்ந்தேன். அவள் மேலுதடு கிழிந்துவிட்டது.

"கெட்டியாத்தாம்மா புடிச்சிக்கினு இருந்தேன்" என்று ஆஸ்பத்திரியில் நாத்தனார் அழுதார். உண்மைதான். அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

பிறகு டிக்கியைத் திறந்தேன். சீட்டில் ஒரு கீறல்கூட இல்லை. காலி சீட்டின் பெல்ட்டை அக்கறையாகப் பூட்டி வைத்திருந்தேன்.

இப்போதெல்லாம் குழந்தை சீட்டை மாட்டிய பிறகே மற்ற எல்லோரும் ஏறுகிறோம். இடம் போதாவிட்டால் நான் இறங்கி பஸ்ஸில் போகிறேன்.