குனியாத மணப்பெண்

என் தங்கைக்காக எங்கள் குடும்பம் கண்டுபிடித்த சைகை ஒன்றே ஒன்றுதான். உள்ளங்கையைக் கீழே காட்டி, காற்றில் இரண்டு தட்டு. "அப்புறம் சொல்றேன்" என்று அர்த்தம். அவளுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. சாப்பிடும்போது நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். என்னவென்று அவள் முகத்தால் கேட்பாள். யாராவது காற்றைத் தட்டுவார்கள். அந்த அப்புறம் வந்ததே இல்லை.

பள்ளியில் அவள் படித்த கைமொழியை வீட்டில் கற்றுக்கொண்டவள் நான் மட்டும்தான். செனாய் ஊரில் தொழிற்சாலையில் தன்னோடு வேலை செய்பவரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று அவள் முதலில் சொன்னதும் என்னிடம்தான். அவருக்கும் காது கேட்காது. கூடவே ஒரு கட்டளை போட்டாள்: "என் கல்யாணத்தையாவது நடக்கும்போதே எனக்குச் சொல்லு."

முன்கூட்டியே ஐயரைப் பார்த்து ஒவ்வொரு மந்திரத்துக்கும் பொருள் கேட்டு வந்தேன். அதுவரை எனக்கும் ஒன்றும் தெரியாது. கல்யாணத்தன்று மேடைக்குக் கீழே, அவர்கள் இருவருக்கும் எதிரே நின்று கையால் சொல்ல ஆரம்பித்தேன். மண்டபத்தில் என்ன நடக்கிறது என்று முழுதாகப் புரிந்தவர்கள் மணமக்கள் மட்டும்தான். மற்றவர்கள் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பெக்கோக்கிலிருந்து வந்திருந்த அத்தைக்குத்தான் பொறுக்கவில்லை. என் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

"பொண்ணு குனிஞ்சி உக்கார வேணாமா? இப்படி நிமிந்து முழிச்சிக்கிட்டு இருக்கா. நீ வேற கைய ஆட்டிக்கிட்டு நிக்கிற. எல்லாம் அப்புறம் சொல்லிக்கலாம்லா."

"அவ கண்ணாலதான் கேக்குறா அத்த. குனிஞ்சா அவளுக்கு ஒண்ணுமே கேக்காது."

கேமராக்காரரும் சேர்ந்துகொண்டார். "அக்கா, பொண்ண கொஞ்சம் குனிய சொல்லுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பொண்ணு அங்கதானே இருக்கு? அவகிட்டயே சொல்லுங்க." அவர் அவளைப் பார்த்து, "குனிங்க!" என்று கத்தினார். கத்தினால் கேட்டுவிடும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். என் தங்கை அழகாகச் சிரித்தாள். குனியவில்லை.

ஐயர் விரலை ஆட்டினார், கெட்டிமேளம் முழங்கியது. தாலி ஏறும்போதும் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பியிருந்த கையைப் பிரித்துச் சட்டென்று சொன்னாள்: "அவர் கை நடுங்குது." எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அத்தை என் தோளை உலுக்கினார். வாய் அசைந்தது. மேளச் சத்தத்தில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. என்ன சொல்கிறாள், ஏன் சிரிக்கிறீர்கள் என்று முகம் மட்டும் கேட்டது. மேடையிலிருந்து அதைத் தங்கை பார்த்துவிட்டாள். அத்தையை நோக்கி உள்ளங்கையைக் கீழே காட்டி, காற்றில் இரண்டு தட்டு தட்டினாள்.

அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அத்தை கையிலிருந்த அட்சதையைப் போட மறந்து நின்றார்.

பந்தியில் மாமா ஏதோ சொல்ல, வரிசையே சிரித்தது. தங்கை என்னைப் பார்த்தாள். என் கையெல்லாம் சோறும் ரசமும். நான் கையைத் துடைக்கத் துணி தேடுவதற்குள், எதிரே உட்கார்ந்திருந்த அத்தை இடது கையால் மேசையைத் தட்டி அவளைத் தன் பக்கம் திருப்பினார். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து, உதட்டசைவு அவளுக்குத் தெரியும்படி நிறுத்தி நிதானமாக அந்தக் கதையை முதலிலிருந்து சொன்னார். புரியாத இடத்தில் அவள் புருவம் சுருங்க, வேறு வார்த்தை போட்டு மறுபடி சொன்னார்.

உப்புச்சப்பில்லாத நகைச்சுவை அது. இரண்டாம் தடவை கேட்டு நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. தங்கை மட்டும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அத்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இலையில் அவர் சோறு ஆறிக்கொண்டிருந்தது.