பரவாயில்லீங்க என்றால் பூஜ்யம்

விண்வெளியில் மிதக்கும் உடலுக்கு என்னவெல்லாம் ஆகும் என்று அறிய, ஆரோக்கியமான ஆட்களைத் தலைப்பக்கம் தாழ்ந்த கட்டிலில் வாரக்கணக்கில் படுக்கவைப்பார்கள். கோவையில் நடந்த அப்படியோர் ஆய்வில் நான் உதவியாளர். பல்லடத்து விசைத்தறித் தொழிலாளி ஒருவர் என் பொறுப்பில் இருந்தார்.

தினமும் காலையில், "எங்காச்சும் வலிக்குதுங்களாண்ணா?" என்று கேட்பேன்.

"பரவாயில்லீங்க அம்மணி," என்பார். படிவத்தில் வலிக்கு நேரே பூஜ்யம் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன்.

பதினொன்றாம் நாள் அவர் கட்டிலருகே கெட்ட வாடை அடித்தது. அவரைப் புரட்டிப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே தோல் உரிந்து, சீழ் பிடித்து, லுங்கி அதில் ஒட்டியிருந்தது. எனக்குக் குமட்டியது.

"ஏனுங்ண்ணா, கொஞ்சம் பொரண்டு படுத்திருக்கலாமில்லீங்க?"

"நீங்கதானுங்க அசையக் கூடாதுன்னீங்க. என்னால உங்க ஆராய்ச்சி கெட்டுப்போயிரக் கூடாது பாருங்க."

எழுந்திருக்கக் கூடாது என்பதைத்தான் முதல் நாள் அவசரத்தில் அப்படிச் சொல்லியிருந்தேன்.

அன்றே அவரை ஆய்விலிருந்து விலக்கி, சிகிச்சைக்கு அனுப்பினோம். புண்ணைத் துடைத்து முடித்ததும் நின்றுபோன குமட்டல், படிவத்தைத் திறந்தபோது திரும்ப வந்தது. பத்து நாளும் என் கையெழுத்தில் பூஜ்யம். புரியாமல் எழுதினேன் என்றும் சொல்ல முடியாது. நானும் இந்த ஊர்க்காரிதான். காய்ச்சலில் கிடக்கும் என் அப்பா "பரவாயில்ல கண்ணு" என்றால், அடுத்த நிமிடம் ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவைக் கூப்பிடுகிறவள்.