பூவரசு மரத்துச் சீட்டு

எங்கள் ஊரை வரைபடத்தில் ஏற்றிவிட வேண்டும் என்பதற்காக ஒரு தடவை நான் பொய் எழுதினேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அம்மாவின் தங்கை, அதாவது என் சித்தி, கல்லூரியில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தாள். மரப்பட்டையில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்குமே, அதை லைக்கன் என்பார்கள். பிரியாணிக்குப் போடுகிற கல்பாசிகூட அந்த இனம்தான். சித்தி தேடியது அதில் ஒரே ஒரு வகை. கோடியக்கரைக் காட்டில் பாலை மரங்களில் நரைத்த தாடி மாதிரித் தொங்கும். அது எந்தெந்த ஊரில் வளர்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. கொஞ்சம் பறித்துக் காயவைத்து, காகிதத்தில் மடித்துப் பொட்டலமாக்குவாள். எந்த ஊர், எந்த மரம், பறித்தது யார் என்று மேலே ஒரு சீட்டு ஒட்டி, கல்லூரி அலமாரியில் வைப்பதற்குக் கொடுப்பாள். ஓர் ஊரில் கிடைத்தால் வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.

காலாண்டு லீவில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அந்த வரைபடத்தை விரித்துக் காட்டினாள். புள்ளியெல்லாம் கடலோரமாகவே இருந்தது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், எங்கள் ஊர் இருக்க வேண்டிய இடம், வெறும் வெள்ளை.

"நம்ம ஊரு எங்க சித்தி?"

"இங்க வராதுடா. அதுக்குக் கடல்காத்து வேணும் போல. நீ வேணா தேடிப் பாரு, கெடச்சா உன் பேரையே போட்டுடுவோம்" என்று இரண்டு வெறும் பொட்டலங்களைக் கொடுத்தாள்.

இரண்டு நாள் தேடினேன். கிடைக்கவில்லை. மூன்றாம் நாள், சித்தியின் பையில் இருந்த கோடியக்கரைப் பொட்டலத்திலிருந்து கொஞ்சம் எடுத்து என்னுடையதில் போட்டேன். சீட்டில் எங்கள் ஊர்ப் பெயரையும், 'வாய்க்கால் கரை, பூவரசு' என்றும் குண்டு குண்டாக எழுதி ஒட்டினேன். ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் அவள் அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் சித்தி திரும்ப வந்து நின்றாள். "தங்கமே, எந்த மரம்டா அது?"

அவளுடைய பேராசிரியை நம்பவில்லையாம். சின்னப் பிள்ளை விளையாடியிருக்கும் என்றாராம். "எங்க அக்கா மகன் பொய் எழுத மாட்டான் மேடம்னு சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றாள் சித்தி.

நான் ஏதோ ஒரு பூவரசைக் காட்டினேன். அதில் இல்லை. "பக்கத்து மரமா இருக்கும், நீ மறந்திருப்ப" என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வாய்க்கால் கரையில் இருந்த ஒரு மரத்தையும் விடவில்லை. லென்ஸை வைத்துப் பட்டை பட்டையாகப் பார்த்தாள். சேற்றில் மாட்டிச் செருப்பு அறுந்துபோனது. நடவுக்குப் போன பெண்கள் நின்று சிரித்தார்கள்.

"என்னா பாப்பா, மரத்துக்குப் பேன் பாக்குறியா?"

"ஆமாக்கா, ஒண்ணே ஒண்ணு ஆப்டா போதும்" என்று சித்தியும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "சித்தி, அது கோடியக்கரையில பறிச்சது. உங்க பையிலேருந்து எடுத்தேன்."

சித்தி அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள். திட்டவில்லை. "நாளைக்கு மேடம்கிட்ட எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போவேன்?" என்று மட்டும் தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள். பிறகு, ஒத்துப் பார்க்கக் கொண்டுவந்திருந்த என் பொட்டலத்தை வெளியே எடுத்தாள். நான் சீட்டைக் கிழிக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கிழிக்கக் கூடாதுடா. ஒட்டுன சீட்ட எடுக்கவே மாட்டோம். தப்புன்னா கீழ இன்னொண்ணு ஒட்டுவோம்."

என் பொய் அவர்கள் கல்லூரி அலமாரியில் என்றைக்கும் இருக்கப்போகிறது. எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். அவள் பேனாவைத் திறப்பதற்குள் அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

சித்தி இப்போது அதே கல்லூரியில்தான் பாடம் நடத்துகிறாள். போன வருஷம் என் மகளை அங்கே கூட்டிப்போனேன். அலமாரியில் அந்தப் பொட்டலம் இருந்தது. மகள் என் குண்டு எழுத்தை உரக்கப் படித்துவிட்டுச் சிரித்தாள். அதற்குக் கீழே இன்னொரு சீட்டு, ஓரத்தில் வாய்க்கால் சேறு காய்ந்த கறையோடு. 'இடம்: கோடியக்கரை. மரம்: பாலை.' அதற்கும் கீழே, 'திருத்தியது' என்ற இடத்தில், சித்தி தன் பெயரைப் போட்டிருக்கவில்லை.

இனிஷியலோடு என் பெயரைப் போட்டிருந்தாள்.