மூன்றாம் மாடியும் நீர் மாத்திரையும்

திண்டிவனத்தில் நான் வேலை பார்த்த ஜவுளிக்கடையில், விற்பனைப் பெண்களுக்கான கழிவறை மூன்றாம் மாடியில், சரக்கு அறைக்குப் பக்கத்தில் இருந்தது. லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு மட்டும். நான் நின்றது கீழே, சேலைப் பிரிவில்.

கால் வீங்கியபோது யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை, நானும்தான். நின்றே விற்கிறவர்களுக்குக் கால் வீங்கும். சாயங்காலம் செருப்பு நுழையாமல் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறவர்கள் எங்களில் உண்டு. பக்கத்தில் நின்று சேலை மடிப்பவள் என்னைவிடச் சின்னவள், வாய் துடுக்கு.

"இன்னாக்கா, காலு தளதளன்னு கீது. வூட்ல கறிச்சோறா?" என்றாள்.

சிரித்துவைத்தேன். படுத்தால் மூச்சு முட்டுவதையும், சுவரில் சாய்ந்தபடியே தூங்குவதையும் அவளிடம் சொல்லவில்லை.

ஒருநாள் மேலிருந்து சேலைக்கட்டு எடுத்துவரப் போனபோது, பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் என் வீட்டுக்காரர் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். அங்கே டாக்டரம்மா என் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். அழுத்திய இடத்தில் குழி அப்படியே நின்றது. பிறகு நெஞ்சில் ஏதோ குளிர்ச்சியாகத் தடவி எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள்.

"ரத்தத்தை வெளிய தள்ளுற பலம் இதயத்துக்குக் கொறைஞ்சிருக்கும்மா. அதான் கால்லயும் நுரையீரல்லயும் தண்ணி கோத்துக்குது. முழுசா சரியாவும்னு சொல்ல மாட்டேன், கட்டுப்பாட்டுல வைக்கலாம். உப்பைக் கொறைங்க. மத்த மாத்திரைங்களோட இந்த நீர் மாத்திரைய தெனம் காலையில போடணும். அடிக்கடி யூரின் போவும், போகட்டும். வேலை செய்யிற எடத்துல பாத்ரூம் இருக்கில்ல?"

"இருக்குதுங்க" என்றேன். எங்கே இருக்கிறது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

மாத்திரை போட்டுக்கொண்டு போன முதல் நாள், கடை திறந்த கொஞ்ச நேரத்திலேயே ஏறினேன். படிக்குப் படி நின்று மூச்சு வாங்கிக்கொண்டு போய், இறங்கி வந்து சேலையை விரிப்பதற்குள் மறுபடி சிறுநீர் முட்டியது. மறுபடி ஏறினேன். அடுத்த முறை சூப்பர்வைசர் படிக்கட்டின் கீழே நின்றார்.

"மாடியில புருசன குந்த வச்சிக்கினு கீறியா? ஏறினே கீற?"

வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து மற்ற மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு, நீர் மாத்திரையை மட்டும் கடைக்குப் போகாத நாட்களுக்கு வைத்துக்கொண்டேன். வீக்கம் முட்டிவரை ஏறியது. ஒரு காலையில் இருமல் நிற்காமல் மூச்சு இழுத்தது. விழுப்புரத்தில் படுக்கையில் சேர்த்து, மூக்கில் ஆக்ஸிஜன் வைத்து, ஊசி போட்டு நீரை இறக்கினார்கள்.

"நீர் மாத்திரைய உட்டுட்டீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். நான் போர்வையைப் பார்த்தேன். பார்க்க வந்திருந்த சேலை மடிப்பவள்தான் பேசினாள்.

"அதப் போட்டுக்கினு அக்கா எப்டிங்க மேல ஏறும்? எங்களுக்கு கக்கூசு மூணாவது மாடியிலங்க. கீழ இருக்கறது கஸ்டமருக்கு."

டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, "முதலாளிகிட்ட கேளுங்கம்மா. இத உட்டா அடுத்த தடவ என்னால ஒண்ணும் செய்ய முடியாமப் போவலாம்" என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கடைக்குப் போனேன். அங்கே வேலை பார்த்த அத்தனை வருஷத்தில் முதலாளியிடம் நானாகப் போய்ப் பேசியது அன்றுதான். கீழே இருக்கும் கழிவறையை எனக்கு மட்டும் விடச் சொல்லிக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார்.

"உனக்குத் தொறந்து உட்டா எல்லாரும் கேப்பாங்கம்மா. நீ வூட்ல இருந்து ஒடம்பப் பாரு. சரியானதும் வா, உன் எடம் எங்க போவப் போவுது?"

டாக்டரம்மா சொன்னதை அவரிடம் சொல்லவில்லை. தலையாட்டிவிட்டு எழுந்தேன். வெளியே வரும்போது, சேலைப் பிரிவில் என் இடத்தில் ஒரு புதுப் பெண் நின்றுகொண்டிருந்தாள்.

இப்போது தினமும் காலையில் மாத்திரையைப் போடுகிறேன். கால் வீக்கம் வற்றிவிட்டது. கடைக்குப் போட்டுப் போன செருப்பு இப்போது லூசாக இருக்கிறது.