ஜாக்கிக்கு நிறுத்திய மாத்திரை

தங்கச்சிமடம் அந்தோணி அண்ணனின் விசைப்படகுக்கு அவர் வளர்க்கும் நாய் ஜாக்கிதான் காவல். கொஞ்ச நாளாக விடாமல் இருமுகிறது, வயிறும் ஊதிவிட்டது. இன்று காலை அதை மினி வேனில் ஏற்றிக்கொண்டு அண்ணனும் நானும் ராமநாதபுரம் கால்நடை டாக்டரிடம் போனோம்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் கேட்டார்: "இதயத்துல புழு. கொசு கடிச்சு வர்றது. மாசாமாசம் தடுப்பு மாத்திரை குடுக்கச் சொன்னேனே?"

"குடுத்தோம் சார். வருசா வருசம் ரெண்டு மாச மீன்பிடித் தடைக்காலத்துல மட்டும் நிப்பாட்டிருவோம்."

"ஏன்?"

"போட்டே ஓடாதுல்ல சார். போட்டுச் செலவு எல்லாத்தையும் நிப்பாட்டும்போது இதையும் சேத்து நிப்பாட்டிருவோம்."

"ஏம்ப்பா, கொசுவுக்கு யாரு தடை போட்டா?"

ஜாக்கியின் இதயம் ரொம்பவே பலவீனமாகிவிட்டதாம். புழுவைக் கொல்லும் ஊசியை இனி அதன் உடம்பு தாங்காதாம். இருக்கும்வரை சிரமமில்லாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

வேனில் ஏறியதும் கத்திவிட்டேன். "எத்தன தடவண்ணே சொன்னேன்?"

"நீ சொன்ன தம்பி. 'மாத்திரை விக்க டாக்டருக சொல்ற கதை'ன்னு கரையில எல்லாரும் சொன்னாய்ங்க. நம்பிட்டேன்."

பாம்பன் பாலம் ஏறும்போது, ஜாக்கியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "விட்ட மாசத்துக்கெல்லாம் சேத்து இன்னைக்கே மாத்திரையக் குடுத்துட்டா சரியாப் போகுமா தம்பி?"

'போகாதுண்ணே' என்பதுதான் பதில். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தடுப்பு மாத்திரை வெறும் வியாபாரம் என்று கமெண்டில் எழுத வருகிறவர்களே, அண்ணன் இப்போது வீட்டில்தான் இருக்கிறார். அவருக்கு நீங்களே பதில் சொல்லிவிடுங்கள்.