டுரியான் மரத்தடியில் ஒரு கொங்சி

வெளிநாட்டுக்காரருக்கு வீடு கட்டிக்கொடுக்கும் தொழிலில் செங்கல்லைவிடக் கனமானது வீட்டுக்காரரின் கனவு. அதை மலைமேல் ஏற்ற லாரி கிடையாது, மேற்பார்வையாளன்தான் சுமக்க வேண்டும்.

நான் இந்த வேலைக்குப் பிறந்தவன் அல்ல. மலேசியாவில் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை வாசலில் துண்டுப் பிரசுரம் கொடுத்து, கூட்டம் போட்டு, ஆள் சேர்த்து, கடைசியில் வேலையை இழந்தவன். என் படிப்பெல்லாம் அந்தப் பிரசுரங்களில் படித்ததுதான். என் பேச்சுக்குக் கை தட்டியவர்கள் மறுவாரமே ஓவர்டைமுக்குப் போனார்கள். அதை நான் மறக்கவில்லை. ஆனால் சோறு தின்ன வேண்டுமே! பாகான் டாலாமிலிருந்து மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் பினாங்குத் தீவுக்கு வந்து, பாலேக் பூலாவ் மலைச்சரிவில் வீடு கட்டும் ஆ செங் என்ற குத்தகைக்காரரிடம் போய் நின்றேன். அவர் சீனர், ஆனால் பாகான் டாலாமில் தமிழர்களான எங்களுக்கு நடுவே வளர்ந்தவர். தமிழிலேயே திட்டுவார், தமிழிலேயே வேலையும் கொடுப்பார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்தோணி, உனக்குச் சத்தம் போடத் தெரியும் லா. சைட்டுக்கு அது போதும்."

வீடு கட்டிப் பட்டவர்களுக்கும் கட்டிக்கொடுத்துப் பட்டவர்களுக்கும் இனி வருவது ஒன்றும் புதிதாக இராது.

மேற்குப் பார்த்த கண்ணாடி

வீட்டுக்காரர் கோபாலன் சார், சென்னைக்காரர். பெரிய உத்தியோகத்தில் நாடு நாடாகச் சுற்றிவிட்டு, மிச்சக் காலத்தைப் பினாங்கில் கழிக்க மனைவி வசந்தா அம்மாவுடன் வந்திறங்கியவர். கடல் தெரியும் மேற்குப் பக்கம் முழுவதும் சுவரே வேண்டாம், தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி என்றார்.

இந்தத் தீவில் மதிய வெயிலுக்கு நாய்கூட மேற்குப் பக்கம் படுக்காது. அதைப் பதமாகத்தான் சொன்னேன். ஒரு மணிக்குமேல் அந்தக் கூடத்தில் அப்பளம் பொரிக்கலாம் என்றேன். அவர் கோபப்படவில்லை. குழந்தைக்குப் பாடம் சொல்வதுபோலச் சிரித்தார். "சூரியன் மறையறதைப் பாக்கத்தானே அந்தோணி இவ்வளவு தூரம் வந்திருக்கோம். சூடா இருந்தா ஏசி போட்டுக்கறேன்."

அக்கினி மூலை

வாஸ்து பார்ப்பவர் ஒருவர் சென்னையில் இருந்தார். மனையைக் கைப்பேசியில் சுற்றிக் காட்டச் சொன்னார். நானும் சேற்றில் சறுக்கிச் சறுக்கிக் காட்டினேன். சமையலறை தென்கிழக்கில்தான் வரவேண்டும், இல்லையென்றால் வீட்டில் நிம்மதி இருக்காது என்று தீர்ப்பு வந்தது. தென்கிழக்கில் யானை படுத்திருப்பதுபோல ஒரு பாறை. அதை உடைத்தால் மேல்சரிவு மண் மொத்தமும் இறங்கிவிடும்.

கோபாலன் சார் பாறையைப் பார்த்தார். நான் ஆ செங்கைப் பார்த்தேன். ஆ செங் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார்: "அடுப்பை மட்டும் பாறைமேல வைங்க சார். மத்த வீட்டை இங்க கட்டலாம்."

காட்சிக்கு இடைஞ்சல்

வேலையாட்கள் தங்குவதற்குத் தகரமும் பலகையும் வைத்து அடிக்கிற கொட்டகையை இங்கே கொங்சி என்போம். எங்கள் கொங்சி மனையின் மேல்பகுதியில், வெட்டவெளியில் இருந்தது. அதில் வங்காளதேசத்து ஆட்கள், இந்தோனேசிய ஆட்கள், கம்பி கட்டுகிற முருகேசன். முருகேசனுக்குப் புதுக்கோட்டைப் பக்கம். அவனும் கோபாலன் சாரும் ஒரே கடலைத் தாண்டி வந்து ஒரே விமான நிலையத்தில் இறங்கியவர்கள்தான். ஒருவரை இந்த நாடு விருந்தாளி என்கிறது, இன்னொருவனை அந்நியத் தொழிலாளி என்கிறது. இதைப்பற்றி நான் ஒரு பிரசுரமே எழுதி வைத்திருக்கிறேன். அச்சடிக்க ஆள் வரவில்லை.

சென்னையிலிருந்து சொந்தக்காரர்கள் மனையைப் பார்க்க வருவதாக இருந்தது. வீடு இன்னும் இடுப்பளவுகூட எழும்பவில்லை. ஆனால் வீட்டிலிருந்து தெரியப்போகும் காட்சி கெட்டுவிட்டதாகக் கோபாலன் சாருக்குக் கவலை. கொங்சியைக் கீழே இறக்கச் சொன்னார். கீழே சமதரையாக இருந்தது ஒரே இடம், வயதான டுரியான் மரங்களின் அடி. மரம் முழுக்கக் காய். பருவம் தொடங்கப்போகிற நேரம். ஆ செங் தலையாட்டிவிட்டார். நான் மட்டும், மனிதன் தூங்குகிற இடமா அது என்று கேட்டேன். கோபாலன் சார் கொடியில் தொங்கிய கைலிகளைக் காட்டினார். "நான் என்ன அவங்களைப் போகவா சொன்னேன்? கண்ணுல படாம இருங்கன்னுதானே சொல்றேன்."

கண்ணுள்ள பழம்

பருவத்தில் டுரியான் மரத்தடியில் யாரும் படுக்க மாட்டார்கள் என்பது பினாங்கில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். முள் வைத்த பழம், தென்னை உயரத்திலிருந்து, தானாக, எந்த நேரத்திலும் விழும். தோட்டக்காரர்களே தொப்பி போட்டுக்கொண்டுதான் பொறுக்கப் போவார்கள். இதையெல்லாம் விளக்கினேன். கோபாலன் சார் இணையத்தில் தேடிப் படித்துவிட்டு வந்தார். டுரியானுக்குக் கண் உண்டாம், மனிதர் தலையில் விழாதாம், உள்ளூர்க்காரர்களே நம்புகிறார்களாம்.

நாங்கள் விளையாட்டாகச் சொல்வதை எங்களுக்கே சாட்சியாகக் கொண்டுவந்துவிட்டார். கொங்சியின் தகரத்தைக் கழற்றிக்கொண்டிருந்த முருகேசன் திரும்பாமலே சொன்னான்: "கண்ணு இருக்குண்ணே. அதான் வீட்டுக்காரர் யாரு, வேலைக்காரன் யாருன்னு பாத்து விழும்."

ரஃபிக்கின் தலையணை

கொங்சி இறங்கிய அந்த வாரமே முதல் பழம் தகரத்தைக் கிழித்துக்கொண்டு வந்தது. காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் ஒரு பாயைச் சுற்றி நின்றார்கள். கொத்தனார் ரஃபிக்கின் பாய். தலையணை நடுவில் பழம் குந்தியிருந்தது. பஞ்சு வெளியே வந்திருந்தது. விடியல் தொழுகைக்கு முகம் கழுவ அவன் எழுந்துபோன நேரம் அது.

இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவன் பழத்தைப் பிளக்கக் கத்தி தேடினான். ரஃபிக் மட்டும் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஊரில் அவனுக்கு ஒரு பெண் குழந்தை. இன்னும் நேரில் பார்த்ததில்லை. என்னை அண்ணன் என்று மலாயில்தான் கூப்பிடுவான். அன்றைக்கும் அப்படியே கேட்டான்: "அபாங், இன்றைக்குத் தொழுகைக்கு எழுந்துவிட்டேன். நாளைக்குத் தூங்கிப்போனால்?"

மூன்று பக்கம்

அன்று மதியம் ஆ செங்கிடம் போனேன். பழம் விழாமல் மேலே வலை கட்டிக்கொள்ளலாம் என்றார். வலை வரவில்லை. பழம் வந்துகொண்டிருந்தது. எனக்குள் பழைய ரத்தம் சூடானது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு கோரிக்கை அறிக்கை எழுதினேன். மூன்று பக்கம். உழைப்பின் மாண்பில் தொடங்கி, உறைவிடம் மனிதனின் உரிமை என்பதை நிறுவி, டுரியான் விஷயத்தை மூன்றாம் பக்கத்தில் வைத்திருந்தேன். அப்படி எழுதத்தான் எனக்குத் தெரியும். அடித்தளம் இல்லாமல் சுவர் எழுப்ப மாட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் நின்றுகொண்டு வாசித்தேன். ஆட்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. மீதிப் பேர் மரியாதையாகக் கேட்டார்கள். முருகேசன் அடிக்கடி மேலே மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாம் பக்கம் திருப்பும்போது கையைத் தூக்கினான். "நல்லா இருக்குண்ணே. பழம் விழறதுக்குள்ள மிச்சத்தையும் படிச்சிருங்க."

தளம் ஊற்றும் நாள்

மேல்தளம் ஊற்றுகிற நாள். கோபாலன் சார் பட்டு வேட்டியில் வந்திருந்தார், கையில் தேங்காய். வசந்தா அம்மா தட்டில் சூடம் வைத்திருந்தார். முதல் கலவை லாரி வயிற்றைச் சுழற்றிக்கொண்டு மலையேறி வந்து வாசலில் நின்றது. பின்னால் இன்னொன்று ஏறும் சத்தம். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்: கலவை வந்துவிட்டால் ஊற்றியே ஆகவேண்டும். வெயிலில் நின்றால் உள்ளேயே இறுகிவிடும். பாதியில் நிறுத்தினால் தளம் கெட்டது.

முருகேசன் கம்பி வெட்டுகிற குறட்டைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். ரஃபிக் உட்கார்ந்தான். பிறகு எல்லோரும். ஒரு கோஷம் இல்லை, ஒரு கொடி இல்லை. ஆ செங் என் சட்டையைப் பிடிக்காத குறை. "இது உன் வேலைதானே லா?" என்று பல்லைக் கடித்தார். ஆமாம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான்.

"கொங்சி பழைய இடத்துக்கு வரணும் சார். இன்னிக்கே," என்றான் முருகேசன். கோபாலன் சார் தேங்காயை இடுக்கிக்கொண்டு, சாயங்காலம் எல்லோரும் உட்கார்ந்து பேசலாம் என்றார். "நாங்க சாயங்காலம் வரைக்கும் இருப்போம் சார். லாரிக்குள்ள இருக்கிறது இருக்காது."

லாரி சுழன்றுகொண்டே இருந்தது. பழம் விழுந்த கதையைக் கேள்விப்பட்டிருந்த வசந்தா அம்மா ரஃபிக்கிடம் போய், அந்தத் தலையணைக்காரர் நீங்கள்தானா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவன் தலையாட்டினான். அம்மா தன் கணவர் பக்கம் திரும்பினார். "கொட்டகை மேலயே வரட்டும். நாலு கைலி காயறதைப் பாத்து எனக்கு ஒண்ணும் ஆயிடாது. நீங்க தேங்காயை உடைங்க."

எனக்குச் சொல்லாதது

பாதி ஆட்கள் தளம் ஊற்றினார்கள், பாதி ஆட்கள் கொங்சியைப் பிரித்து மேலே கொண்டுவந்தார்கள். இருட்டுவதற்குள் இரண்டும் முடிந்தன. கடைசித் தகரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த முருகேசனிடம் போனேன். ஜெயித்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏண்டா, எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் யாருன்னு தெரியுமில்ல?"

"தெரியாம என்னண்ணே, தினமும் நீங்கதானே சொல்றீங்க."

வாயிலிருந்த ஆணியை எடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னான்: "கோவிச்சுக்காதீங்கண்ணே. உங்ககிட்ட சொன்னா மூணு பக்கம் எழுதுவீங்க. இல்லாட்டி, தவுக்கே ஆ செங் கேட்டா மறைக்க முடியாம முழிப்பீங்க. நீங்க இப்ப அந்தப் பக்கத்து ஆளுண்ணே."

ஆ செங்கின் எச்சரிக்கை

அடுத்த வீட்டு வேலைக்கு என்னை அழைத்துப்போகும்போது ஆ செங் காரை ஓரமாக நிறுத்தினார். இந்த வீட்டுக்காரரும் வெளிநாட்டுக்காரர்தான், நீச்சல்குளம் வேறு கேட்கிறார் என்றார். பிறகு விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார்: "அந்தோணி, இந்த சைட்டுல உன் யூனியன் வேலையைக் காட்டாதே லா. உன்னை மாதிரி மூளைக்காரன் இல்லாம அந்தப் பசங்களுக்கு அதெல்லாம் எங்க தெரியும்?"

நான் முன்னின்று நடத்திய போராட்டங்கள் எல்லாம் தோற்றன, எனக்குத் தெரியாமல் நடந்த ஒன்று தேங்காய் உடைப்பதற்குள் ஜெயித்தது, அதன் பழி மட்டும் முழுதாக என்மேல் விழுந்தது, நானும் இதுவரை மறுக்கவில்லை.